பெரட்டு மணி

ராமசாமிக் கங்காணிக்கு மைக் என்றால் கொள்ளை ஆசை. முப்பத்திரண்டு வருஷமாகக் காலை ஐந்தரைக்குத் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நின்று, யார் எந்த மலைக்குப் போகவேண்டும், எந்த மிஷினை யார் பிடிக்கவேண்டும் என்று மைக் இல்லாமலே கத்திப் பழகிய தொண்டை அது. பெரட்டு என்றால் வேறொன்றுமில்லை. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துவிடுவது. இப்போது வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளிகளும்தான். அதனால் பெரட்டு மலாய் மொழியில் நடக்கிறது. திட்டு மட்டும் தமிழில்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவர் கூடத்தின் நடுவில் நின்று, டார்ச்லைட்டை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பதினொரு மணிக்குத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மகளுக்குப் பாராட்டு விழா. தோட்ட மேனேஜர் குகனேஸ்வரன் துரை தலைமை. ஈப்போவிலிருந்து மகேன் என்று ஒரு பத்திரிகை நிருபர் வருகிறார். அப்பாவும் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று துரை சொல்லிவிட்டுப் போனதிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வார்த்தை இருபது நிமிஷமாகிவிட்டது. மனைவி அம்மாக்கண்ணு சபையோராக உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். மகள் ரூபினி சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு, புதன்கிழமை வெளிவரப்போகும் ஆய்வுக் கட்டுரையைக் கடைசித் தடவையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

ரூபினி என்ன கண்டுபிடித்தாள் என்று தோட்டத்து லைன் வீடுகளில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். கருந்துளையைப் பார்த்துவிட்டாள் என்றார்கள் சிலர். அதன் வாயை அளந்துவிட்டாள் என்றார் கடைக்காரர். உண்மையில் அவள் அதைப் பார்க்கவேயில்லை. யாராலும் பார்க்க முடியாது. வெளிச்சத்தையே விழுங்கிவிடுகிற ஒன்றை எதைக் கொண்டு பார்ப்பது? அதைச் சுற்றி நடக்கிற கூத்தைப் பார்த்துத்தான் அது இப்படி இருக்கும், இவ்வளவு கனம் இருக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போடுகிறார்கள்.

விருச்சிக ராசியின் வால் பக்கம், எண்ணாயிரம் ஒளியாண்டு தள்ளி, ஒரு கருந்துளையும் ஒரு நட்சத்திரமும் ஜோடியாகச் சுற்றுகின்றன. துளை தன் ஜோடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித் தின்கிறது. சுரண்டிய வாயு நேராக உள்ளே விழுவதில்லை. தட்டு மாதிரி சுற்றிச் சுற்றித் தேங்குகிறது. பல வருஷம் தேங்கியது ஒருநாள் பொங்கும். அப்போது துளைக்கு மிக அருகில் எக்ஸ் கதிர் பளிச்சிடும். அது போய்த் தட்டின் ஓரத்தில் பட்டதும் சாதாரண வெளிச்சம் பளிச்சிடும். முதல் பளிச்சை வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் குறித்துக்கொள்ளும். இரண்டாவதைத் தரையிலிருந்து தொலைநோக்கி குறித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் தட்டு எவ்வளவு பெரிது என்று சொல்லிவிடலாம். எதிர்மலையைப் பார்த்துக் கூவிவிட்டு எதிரொலி வரும்வரை எண்ணுகிறோமே, அதே கணக்குத்தான்.

போன ஜூன் மாதம் அந்தத் துளை பொங்கியது. உலகத்திலுள்ள தொலைநோக்கிகள் ஒன்று விட்டால் ஒன்று என்று முறை போட்டுப் பார்த்தன. பதினெட்டாம் தேதி அதிகாலை ஜப்பானிலும் இந்தியாவிலும் மழை. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மேகம். சிலியில் பகல். கோலாலம்பூரில் புகைமூட்டம். ரூபினி தன் ஆசிரியர் டாக்டர் நாதிராவிடம் கெஞ்சிக் கூத்தாடி, பல்கலைக்கழகத்துப் பழைய தொலைநோக்கியைக் கெரெத்தாவின் பின்சீட்டில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்திருந்தாள். மூணாம் டிவிஷன் லைனுக்குப் பின்னால், துணி துவைக்கிற சிமெண்டுத் தரையில் அதை நிறுத்தினாள். அந்த நேரத்தில் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே கண் அதுதான்.

செயற்கைக்கோள் எக்ஸ் கதிரைப் பார்த்த எட்டு நிமிடம் கழித்து அவளுடைய தொலைநோக்கியில் வெளிச்சம் பளிச்சிட்டது. இங்கேதான் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அந்தத் தட்டைக் கடக்க ஒளிக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அப்படியிருக்க எட்டு நிமிடம் ஏன்? எதிரொலி இல்லை, வேறு ஏதோ மெதுவாக ஊர்ந்து வருகிறது என்றாகிறது. அது என்ன? அந்தக் கேள்விக்குத்தான் பதினேழு பேர் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். முதல் பெயர் ரூபினி ராமசாமி. அந்தப் பெயரைப் பார்த்து ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடம் மூன்று வருஷ வேலை கொடுத்திருந்தது. ஜனவரியில் போய்ச் சேரவேண்டும்.

"அன்னிக்கி ராத்திரி," என்றார் ராமசாமி டார்ச்லைட்டிடம், "எம்மக அசந்து தூங்கிட்டா. திடீர்னு கரண்டு போயிருச்சு. கம்ப்யூட்டர் அணைஞ்சிருச்சு. வேற யாராச்சும் இருந்தா என்னா பண்ணியிருப்பான்? நான் விடலயே. கரண்டு வந்ததும் பட்டன அமுக்குனேன். தேதி என்னா, மணி என்னான்னு கேட்டுச்சு. போட்டேன். பச்சயில அமுக்குனேன், படம் பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. ஆகவே பெரியோர்களே, இந்தக் கண்டுபிடிப்புல கங்காணிக்கும் ஒரு சின்னப் பங்கு..."

மேசைமேல் ரூபினியின் கை அப்படியே நின்றது.

அவள் தூங்கியது உண்மை. இரண்டு மணி வாக்கில் சற்று உட்காரலாம் என்று உள்ளே வந்தவள், முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கண் விழித்தாள். ஓடிப்போய்ப் பார்த்தபோது கணினி சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். படங்களில் பதினான்கு நிமிட இடைவெளி ஒன்று இருந்தது. மேகம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பதிவேட்டில், 'ஆய்வாளர் இரவு முழுவதும் உடனிருந்தார்' என்று எழுதினாள். முக்கால் மணி நேரத் தூக்கத்தை எழுதி வைத்து யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? அந்தப் பழைய கணினிக்கு உள்ளே பேட்டரி செத்துப்போயிருந்தது. அணைத்தால் மணியை மறந்துவிடும். மறுபடி நாம்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும். சாயங்காலம் அவள் போனைப் பார்த்து விநாடி சுத்தமாக வைத்திருந்தாள். தொலைநோக்கி தனி பேட்டரியில் நின்றதால் அது பாட்டுக்கு நட்சத்திரத்தைத் தொடர்ந்து போயிருக்கிறது.

"அப்பா," என்றாள். "எந்த மணி போட்டீங்க?"

"எந்த மணின்னா? கையில கட்டியிருக்கிற மணிதான்."

இதைப் புரிந்துகொள்ள அந்த லைனில் பிறந்திருக்கவேண்டும். அங்கே மணி இரண்டு. யாராவது மணி சொன்னால், "ரேடியோ மணியா, பெரட்டு மணியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ரேடியோ மணி ஊர் உலகத்துக்கெல்லாம் பொதுவானது. பெரட்டு மணி கங்காணியின் கையில் இருப்பது. அது எப்போதும் முந்தி ஓடும். அதை வைத்துத்தான் சங்கு, அதை வைத்துத்தான் பெயர் கூப்பிடுவது, அதை வைத்துத்தான் பிந்தி வந்தவனுக்கு அரைநாள் கூலி என்று அரைப்பேர் போடுவது. எத்தனை நிமிடம் முந்தி என்பது கங்காணிக்கு மட்டுமே தெரியும். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லமாட்டார். தெரிந்துவிட்டால் ஆட்கள் அதைக் கழித்துக்கொண்டு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வார்களே! அதனால் ராமசாமி அதை அடிக்கடி மாற்றிக்கொண்டும் இருப்பார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் பெரட்டுக்குப் பிந்தியதில்லை. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

"ஜூன் மாசம் எத்தன நிமிஷம் முந்தி வச்சிருந்தீங்க?"

"அது என்னாத்துக்கு இப்ப?"

"சொல்லுங்கப்பா."

"அஞ்சு இருக்கும். பத்தும் இருக்கும். மழ மாசத்துல கூட்டுவேன், வெயில்ல கொறப்பேன். எழுதியா வச்சிருக்கேன்?" என்ற ராமசாமி, மகளின் முகத்தைப் பார்த்து டார்ச்லைட்டைக் கீழே வைத்தார். "ஏன், என்னாச்சு?"

ரூபினி சொன்னாள். மெதுவாக, ஒன்றொன்றாகச் சொன்னாள். கணினியின் மணி முந்தியிருந்தால் வெளிச்சம் தாமதமாக வந்ததுபோல் தெரியும். எட்டு நிமிடம் முந்தியிருந்தால் எட்டு நிமிடத் தாமதம் என்பதே இல்லை. துளையில் எதுவும் மெதுவாக ஊர்ந்து வரவில்லை. எல்லாத் துளையிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. கட்டுரையில் புதிதாக ஒன்றும் இல்லை.

ராமசாமியின் முகம் கறுத்தது. "அப்ப என் வாட்சுனாலதான் எல்லாம் போச்சுங்கிற?"

"அப்படிச் சொல்லலப்பா."

"வேற எப்படிச் சொல்ற? ஒத்தாசைக்கு வந்தவன் தலையிலயே பழியப் போடு, நல்லாருக்கு!"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மாக்கண்ணு உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"இது வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாதும்மா. யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. அந்த நேரத்துல வேற யாரும் பாக்கல. அந்தத் துளை இனிமே பொங்க முப்பது வருசம் ஆகும்."

"அப்ப பேசாம விட்டுருடி. நீ போய் திருடியா வந்துட்ட? அந்த மனுசன் ஒரு மாசமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. நாளைக்கு அத்தன பேரு முன்னாடி அவரு மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவாரு?"

பேசாமல் இருந்துவிடலாம் என்று ரூபினிக்கும் தோன்றியது. ஏதோ நொடிநேரச் சபலம் என்று நினைக்கவேண்டாம். ஒரு மணி நேரம் முழுக்கத் தோன்றியது. எட்டு வருஷப் படிப்பு. கடன் வாங்கிப் படித்ததில்லை என்றாலும் அம்மா ஒரு நல்ல சேலை எடுக்காமல் படிக்கவைத்த படிப்பு. ஐந்து நிமிடம் என்கிறாரே, ஐந்தாகவே இருந்துவிட்டால்? மூன்று நிமிடத் தாமதம் மிச்சமிருக்கும். அதுவும் அதிசயம்தான். ஒருவேளை அன்றைக்குப் பார்த்து மணியைச் சரியாக வைத்திருந்தால்? இப்படியெல்லாம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஏமாறவும் முடியவில்லை. நாளைக்கு ஜெர்மனியில் எவனாவது கெட்டிக்காரன், அந்த எட்டு நிமிடத்தை நம்பித் தன் வாழ்நாளில் ஐந்து வருஷத்தைக் கொட்டுவான். இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பான். அதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

எத்தனை நிமிடம் என்று முதலில் தெரியவேண்டும். அதற்கு ஒரு வழி இருந்தது.

அந்த இரவின் கடைசிப் படங்களை அவள் குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்தாள். மேற்கே சரிந்த நட்சத்திரங்கள் எதிர்மலையின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டதால் அந்தப் படங்களில் ஒன்றுமில்லை. இப்போது அவற்றைத் திறந்தாள். துளைக்குப் பக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்று உண்டு. மலைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் இடது ஓரத்தில் அது மறைகிறது. கணினியின் மணிப்படி அப்போது நான்கு முப்பத்தொன்று. மலை நகராது. தொட்டி நகராது. நட்சத்திரம் தினமும் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக முந்திக்கொண்டு, அதே தொட்டியின் அதே ஓரத்தில்தான் மறையும். நான்கு மாதத்துக்கும் மேலாகிவிட்டது. கணக்குப் போட்டாள். அப்பாவின் கடிகாரம் சரியாக இருந்திருந்தால், இன்று சாயங்காலம் சரியாக எட்டு மணிக்கு அது மறையவேண்டும். எட்டுக்கு எத்தனை நிமிடம் முன்னால் மறைகிறதோ, அத்தனை நிமிடம் கடிகாரம் முந்தி.

மழை ஆறரை வரை கொட்டியது. அக்டோபர் மாத மழையை நம்பி யாரும் எதையும் திட்டம் போடக்கூடாது. ஏழு மணிக்கு மேற்கே ஒரு பக்கம் மட்டும் திறந்தது. ரூபினி பைனாகுலரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். தொலைநோக்கியின் மூன்று கால் நின்ற இடத்தில் ராமசாமி அன்றே சிவப்புச் சாயம் வைத்திருந்தார். நாளைக்கு யாராவது வந்து கேட்டால் காட்டலாம் என்பது அவர் எண்ணம். அவள் அந்த இடத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

ராமசாமி எப்போது திரும்பி வந்தார் என்று தெரியவில்லை. பின்னால் இருமல் கேட்டது.

"என்னா பாக்குற?"

சொன்னாள். அவர் தொட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"நட்சத்திரம் வந்து சாட்சி சொல்லப்போவுதா?"

"ஆமாப்பா. எட்டு மணிக்கு மறைஞ்சா உங்க வாட்ச் சரி."

"மறையும், மறையும். நீ பாரு."

ஒரே ஆளால் பைனாகுலரையும் பிடித்துக்கொண்டு விநாடியையும் பார்க்க முடியாது. கண்ணை ஓர் இமைப்பொழுது எடுத்தாலும் தவறிவிடும். ரூபினி தன் போனில் விநாடி ஓடும் கடிகாரத்தைத் திறந்தாள். அம்மாவுக்கு அந்த எண்களைப் படிக்க வராது. போனை அப்பாவிடம் நீட்டினாள்.

"நான் 'இப்ப'ன்னு சொல்லுவேன். அப்ப மணி என்னா, செகண்டு என்னான்னு சத்தமாப் படிங்க."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இவரை ஏன் கேட்டோம் என்று அவளுக்கே உறுத்தியது. முப்பத்திரண்டு வருஷமாக மணியை மறைத்தே பிழைத்தவர். இன்று அவர் மானமும் மகளின் ஜெர்மனியும் அவர் வாயில் இருக்கின்றன. அவர் எதைப் படித்தாலும் அவள் அதைத்தான் எழுதிக்கொள்ளவேண்டும்.

ஏழே முக்காலுக்கு நட்சத்திரம் தொட்டிக்கு மேலே தெளிவாகத் தெரிந்தது. இன்னும் உயரத்தில் இருக்கிறது, எட்டு மணி ஆகிவிடும் என்றுதான் நம்பினாள். முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டாள். லைனில் யார் வீட்டிலோ டிவி ஓடியது. நட்சத்திரம் இறங்கியது. தொட்டியின் ஓரத்தைத் தொட்டது. ஒருமுறை துடித்தது.

"இப்ப!"

பின்னால் சத்தமில்லை.

"அப்பா, இப்ப!"

"ஏழு அம்பத்திரண்டு," என்றார் ராமசாமி. பெரட்டில் பெயர் வாசிக்கிற குரலில் மிச்சத்தையும் சொன்னார். "நீ மொத தடவ சொன்னப்ப பதினெட்டு செகண்டு."

ஏழு நிமிடம் நாற்பத்திரண்டு விநாடி. எட்டு நிமிடத்திலிருந்து அதைக் கழித்தால் சுமார் இருபது விநாடி. எந்தக் கருந்துளையைப் பார்த்தாலும் கிடைக்கிற, எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கிற, யாரும் பாராட்டு விழா எடுக்காத இருபது விநாடி. எண்ணாயிரம் வருஷம் நடந்து வந்த வெளிச்சம் ஒரு குற்றமும் செய்யவில்லை. வந்து சேர்ந்த இடத்தில்தான் மணி தப்பு. ரூபினி முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பா போனை அவள் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்குள் போனில் சிக்னல் கிடைக்காது. லைனில் லைன் கிடைக்காது என்பது அங்கே பழைய கேலி. கொழுந்து நிறுக்கிற கொட்டகை வளைவு வரை நடந்துபோய்த்தான் பேசவேண்டும். ரூபினி நடந்தாள். நான்கு தடவை மணி அடிப்பதற்குள் டாக்டர் நாதிரா போனை எடுத்துவிட்டார்.

"டாக்டர், கட்டுரைய நிறுத்தணும். என் கம்ப்யூட்டர்ல மணி தப்பு. ஏழு நிமிஷம் நாப்பத்திரண்டு செகண்டு முந்தி இருந்திருக்கு. நட்சத்திரம் மறையுறத வச்சுப் பாத்துட்டேன்."

மறுபக்கத்திலிருந்து கேள்விகள் வந்தன. எந்த நட்சத்திரம், எந்த ஓரம், எத்தனை விநாடி பிழை இருக்கலாம். ரூபினி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

"சரி. மணிய யாரு வச்சது?"

"நான்தான் டாக்டர்."

"எதப் பாத்து?"

"போனைப் பாத்து."

"ரூபினி, போன் எப்படிம்மா எட்டு நிமிஷம் முந்தும்?" என்றார் நாதிரா. உடனே அவர் குரல் மாறியது. நாதிரா பக்கத்து ஊரான தானா ராத்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் நூர்தீனின் மகள். சின்ன வயதில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவர். "யா அல்லாஹ்... பெரட்டு மணியா?"

உலகத்தில் கருந்துளையைப் படித்தவர்களில் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான் இருப்பார். ரூபினிக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள். தூங்கியது, கரண்டு போனது, அப்பா கணினியை எழுப்பியது, எல்லாம்.

"எங்க வாப்பா தோட்டத்து ஆளுங்க மணி சொன்னா, மொதல்ல எந்த மணின்னுதான் கேப்பாரு," என்றார் நாதிரா. "எனக்கு அது அன்னிக்கே தோணியிருக்கணும். அத விடு. மணி தப்பாகும், யாருக்கும் ஆகும். ஆனா தூங்குனத நீ எழுதலயே? எழுதியிருந்தா அந்தப் பதினாலு நிமிஷத்த நான் சும்மா விட்டிருப்பேனா? அதுதான் எனக்குக் கோவம். பதினேழு பேரு பேரு இருக்கு ரூபினி அதுல."

"சாரி டாக்டர்."

"இப்பவும் ஒரு பொய் சொல்லப் பாத்த."

"அப்பா பேரு வரவேணாம்னு..."

"வரணும். கருவியத் தொட்டது யாரு, மணி வச்சது யாரு, எப்படித் தப்பாச்சு, எல்லாம் வரணும். நடந்தத நடந்தபடி எழுதி நாளைக்குக் காலைல எனக்கு அனுப்பு. ஜெர்மனிக்கு நானே எழுதுறேன். நீயா வந்து சொன்னன்னு சொல்றேன். அதுக்கு மேல என்னால பொய் சொல்ல முடியாது. அவங்க எடுப்பாங்கன்னு நம்பிக்கிட்டு இருக்காத."

ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை. இருந்தும் ராமசாமி விடியுமுன் குளித்து, நேற்று தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போடாமல் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மோட்டரை உதைத்துக் கிளப்பித் துரை பங்களாவுக்குப் போனார். எட்டு மணிக்குத் திரும்பி வந்து மேசையில் ரூபினிக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் மடிக்கணினியில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்," என்றார். "விழா இல்ல. துரை என்னா சொல்றாரு தெரியுமா? 'அதனால என்னா கங்காணி, மாலையெல்லாம் வாங்கியாச்சு, போட்டுரலாம் லா'ங்கிறாரு. நான் வேணாம்னுட்டேன். மகேன்கிட்டயும் அவரே பேசிக்கிறேன்னாரு."

அம்மாக்கண்ணு தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். அவள் இன்னும் இருவரிடமும் பேச ஆரம்பிக்கவில்லை.

"என்னா எழுதியிருக்க? தமிழ்ல சொல்லு."

ரூபினி ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் வாசித்தாள். "ஜூன் பதினெட்டாம் தேதி அதிகாலை ரெண்டு மணியிலிருந்து ரெண்டே முக்கால் வரைக்கும் ஆய்வாளர் ரூபினி ராமசாமி தூங்கிவிட்டார். இது பதிவேட்டில் எழுதப்படவில்லை. அந்த நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டுக் கணினி நின்றது. உதவியாளர் ராமசாமி அதை மறுபடி இயக்கி, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் அமைத்தார். அந்தக் கடிகாரம் ஏழு நிமிடம் நாற்பத்திரண்டு விநாடி முந்தியிருந்தது. ஆகவே எட்டு நிமிடத் தாமதம் என்ற முடிவைத் திரும்பப் பெறுகிறோம்."

"உதவியாளரா? யாரு, நானா?"

"ஆமாப்பா."

அவர் அதைக் கொஞ்ச நேரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "அது இருக்கட்டும். நீ தூங்குனத மட்டும் எடுத்துரு. நான் எழுப்பலன்னு போடு."

"ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா."

"எப்படி ஒண்ணாவும்? தூங்கிட்டான்னு போட்டா, படிக்கிறவன் சோம்பேறின்னு நெனப்பான். நான் உள்ள வந்து எழுப்பத்தான் வந்தேன். தொட்டா ஒடம்பு அனலாக் கொதிக்குது. துணிய நனைச்சு நெத்தியில போட்டேன். அதுகூடத் தெரியாமக் கெடந்த. அந்த நெலமையில எப்படி எழுப்புறது? சரி, நாம பாத்துக்குவோம்னு வெளிய போய் உக்காந்தேன். அதப் போடு."

ரூபினி இதைக் கேள்விப்பட்டதேயில்லை. அன்று காலையில் தலையணை ஈரமாக இருந்தது, பனி என்று நினைத்தாள். உடம்பு வலிக்கு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு மலையிறங்கிவிட்டாள்.

"ஏம்ப்பா சொல்லல?"

"என்னாத்த சொல்றது? காய்ச்சல் வந்தா துணி போடுறதுதான். நீ மொதல்ல அத எழுது."

"அதெல்லாம் போட மாட்டாங்கப்பா."

"ஏன்?"

"கணக்குக்குத் தேவயில்ல."

ராமசாமி மகளைப் பார்த்தார். அவருக்குக் கோபம் இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"அப்ப நான் ஏன் எழுப்பலன்னு படிக்கிறவனுக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுப்பா," என்றாள் ரூபினி. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.